பீட்டில்ஸ் முதல் ஆல்பம்: பாட்டு வலது காதில், வாத்தியம் இடது காதில். இது சரிதானா?

சாயங்கால_ரேடியோ:

எல்லாருக்கும் வணக்கம். ராக் அண்ட் ரோல் பக்கம் நான் ரொம்பப் புதுசு. பீட்டில்ஸை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுவிடலாம் என்று 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தை போன் ஆப்பில் போட்டு ஹெட்போன் மாட்டினேன். முதல் பாட்டிலேயே குழம்பிவிட்டது. பாடுகிறவர்கள் எல்லாரும் வலது காதில் நிற்கிறார்கள், கிட்டார், பேஸ், டிரம் எல்லாம் இடது காதில். ஹெட்போன் போய்விட்டதோ என்று தம்பியின் ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதேதான். இதில் வேடிக்கை என்னவென்றால் நடுவில் வரும் 'லவ் மீ டூ', 'பி.எஸ். ஐ லவ் யூ' இரண்டு மட்டும் ஒழுங்காக, தலைக்கு நடுவில் கேட்கிறது. அது முடிந்ததும் மறுபடியும் பழைய கதை.

இன்னும் இரண்டு சந்தேகம். இந்த ஆல்பம் முழுக்க ஒரே நாளில் பதிவு செய்தது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள், நிஜமா, இல்லை ரசிகர்கள் கிளப்பிவிட்டதா? அப்புறம், நேர்மையாகச் சொல்லுங்கள், இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமா, தாண்டிப் போய்விட்டால் ஏதாவது நஷ்டமா?

பழைய_தட்டு:

உங்கள் ஹெட்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, புதுசு வாங்கச் சாக்கு போச்சு. ஆல்பமே அப்படித்தான்.

1963-ல் லண்டன் ஆபி ரோட்டில் இருந்த ஈஎம்ஐ ஸ்டுடியோவில் இந்த மாதிரி குழுக்களைப் பதிவு செய்ய இரண்டே டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்ட டேப் மெஷின்தான். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினியர் நார்மன் ஸ்மித்தும் ஒரு டிராக்கில் வாத்தியம் மொத்தத்தையும், இன்னொரு டிராக்கில் குரல்களையும் வாங்கினார்கள். ஸ்டீரியோவுக்காக, அதாவது இரண்டு காதுக்கும் வேறு வேறு ஒலி தருவதற்காக, இல்லை. நாலு பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடுகிறார்கள், பின்னால் மோனோவாக (இரண்டு காதிலும் ஒரே ஒலி) சேர்க்கும்போது குரலைக் கொஞ்சம் தூக்கவோ இறக்கவோ வழி வேண்டும், அதற்காகப் பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு இங்கிலாந்தில் பாப் பாட்டு கேட்கிற இளசுகளிடம் இருந்தது மோனோ பிளேயர். மோனோ தட்டு 1963 மார்ச் 22-ல் கடைக்கு வந்தது, ஸ்டீரியோ தட்டு அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான். அந்த ஸ்டீரியோவுக்கு யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை, இருந்த இரண்டு டிராக்கை ஆளுக்கு ஒரு பக்கமாக விட்டுக் கொஞ்சம் எக்கோ தெளித்துவிட்டார்கள். உங்கள் ஆப்பில் ஓடுவது அதைச் சுத்தம் செய்து 2009-ல் வெளியிட்டது.

நீங்கள் சொன்ன அந்த இரண்டு பாட்டும் 1962 செப்டம்பரில் சிங்கிளுக்காக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வைத்த சின்னத் தட்டுக்காக, பதிவானவை. அதன் இரண்டு டிராக் டேப்பை யாரும் பத்திரப்படுத்தவில்லை, மோனோ மட்டும்தான் மிச்சம். அதனால்தான் நடுவில் கேட்கிறது. 1963-ன் ஸ்டீரியோ தட்டில் இந்த இரண்டையும் செயற்கையாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள், கேட்கச் சகிக்காது. 2009-ல் நல்லவேளை மோனோவாகவே விட்டார்கள்.

உடனடி வைத்தியம்: போனின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குப் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுவிட்டு முதல் பாட்டான 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்' மறுபடி கேளுங்கள். அசல் மோனோ மிக்ஸும் இதுவும் ஒன்றில்லைதான், ஆனால் இந்த ஆல்பத்துக்கு ஏறக்குறைய பக்கத்தில் வந்துவிடும். குரலும் கிட்டாரும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் அந்தப் பாட்டு பாட்டாகிறது, தனித்தனியாகக் கேட்டால் என்ன இருக்கிறது அதில்.

ஸ்டீரியோவிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் ஸ்டீரியோ மிக்ஸ் வேறு டேக்குகளை (ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் வாசித்துப் பதிவு செய்ததை டேக் என்பார்கள்) வைத்துச் செய்தது. கடைசி சரணத்தில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் ஆளுக்கொரு வரியைப் பாடிவிடுவார்கள், அடுத்து வரும் 'கம் ஆன்'-இல் ஜான் சிரிப்பை அடக்கமாட்டாமல் பாடுவது வலது காதில் தெளிவாகக் கேட்கும். மோனோவில் இது கிடையாது. சுவிட்சைப் போடுவதற்கு முன் அதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நாலு_கம்பி:

ஒரே நாள் கதைக்கு நான் வருகிறேன், பேஸ் வாசிக்கிறவன் என்கிற முறையில் இந்த ஆல்பத்தோடு எனக்குத் தீராத உறவு.

பாதி நிஜம். மொத்தம் 14 பாட்டு. அதில் 4 ஏற்கெனவே சிங்கிளாக வந்தவை: பழைய_தட்டு அண்ணா சொன்ன இரண்டு, 1962 நவம்பர் 26-ல் பதிவான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', அதன் பின்பக்கம் 'ஆஸ்க் மீ ஒய்'. மிச்சம் 10 பாட்டும் 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை, ஆபி ரோட்டின் இரண்டாம் நம்பர் ஸ்டுடியோவில். காலை 10 மணிக்கு ஆரம்பித்து இரவு 10 மணி தாண்டித்தான் முடித்தார்கள். 'ஹோல்ட் மீ டைட்' என்று பதினோராவது பாட்டும் அன்றைக்கு 13 டேக் வரைக்கும் போய், சரிப்பட்டு வராமல் விட்டுவிட்டார்கள். அதைப் புதிதாகப் பதிவு செய்து அடுத்த ஆல்பத்தில்தான் சேர்த்தார்கள்.

சிலர் இதில் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள். பிப்ரவரி 20-ல் ஜார்ஜ் மார்ட்டின் பையன்கள் யாரும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து 'மிசரி'க்குப் பியானோவும் 'பேபி இட்ஸ் யூ'வுக்குச் செலஸ்டாவும் (பியானோ மாதிரி கட்டைகள் வைத்த, மணி போல ஒலிக்கும் வாத்தியம்) வாசித்துச் சேர்த்தார். பியானோவை டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு வாசித்தது, பிறகு சாதாரண வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி மேலே போய் மணிமணியாகக் கேட்கும். ஆக 'ஒரே நாள்' என்பதற்கு ஒரு சின்ன பின்குறிப்பு தேவை. அதனால் அந்த நாளின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

ஏன் ஒரே நாள்? வீம்புக்கு இல்லை, நேரமில்லை. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சிங்கிள் விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருக்கிறது, சூட்டோடு சூடாக ஆல்பம் வேண்டும், குழுவோ பாடகி ஹெலன் ஷாப்பிரோவின் சுற்றுப்பயணத்தில் துணை நிகழ்ச்சியாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு நாள்தான் கிடைத்தது. மார்ட்டின் முதலில் யோசித்தது லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலேயே கச்சேரியாகப் பதிவு செய்யலாம் என்று, நேரில் போய்ப் பார்த்தால் செங்கல் வளைவு வைத்த நிலவறை, ஒலிப்பதிவுக்கு லாயக்கில்லை. சரி, அந்தக் கச்சேரியை ஸ்டுடியோவுக்குள் கொண்டு வந்துவிடுவோம் என்று முடிவு செய்தார். செலவு சுமார் 400 பவுண்டு என்று சொல்வார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் அன்றைய வரிசை. காலையும் மதியமும் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகள்: 'தேர்ஸ் எ பிளேஸ்' 13 டேக், 'மிசரி' 11 டேக் என்று இழுத்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்ஜினியர்கள் பக்கத்து பப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் இவர்கள் பாலைக் குடித்துக்கொண்டு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், இடைவேளையில் வேலை செய்கிற குழுவை அந்த ஸ்டுடியோ ஆட்கள் அதுவரை பார்த்ததில்லையாம். ராத்திரிதான் கவர் பாட்டுகள், அதாவது மற்றவர்களுடைய பாட்டுகள். 'அன்னா' 3 டேக், 'பாய்ஸ்' ஒரே டேக், 'செயின்ஸ்' 4 டேக் எடுத்து முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக மணிக்கணக்கில் நின்று பாடிய பாட்டுகள், கை தன்னால் போகும்.

ஆல்பம் தொடங்கும்போது பால் மெக்கார்ட்னி 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று கத்துகிறாரே, அது ஒன்பதாவது டேக்கில் எண்ணியது, அதற்குப் பிறகு வரும் பாட்டு முதல் டேக். மார்ட்டினுக்கு அந்தக் கத்தல் பிடித்துப்போய் வெட்டி ஒட்டச் சொன்னார். அந்தப் பாட்டின் பேஸ் வரி சக் பெர்ரியின் 'ஐம் டாக்கிங் அபௌட் யூ'விலிருந்து அப்படியே எடுத்தது என்று மெக்கார்ட்னியே ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

வெட்டிப்பேச்சு:

எல்லாம் சரிங்க, ஆனால் கேட்டது 'தாண்டிப் போனால் நஷ்டமா' என்று. என் பதில்: இல்லை. 14-ல் 6 பாட்டு மற்றவர்களுடையது. 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' மாதிரி ஹோட்டல் லாபிப் பாட்டு வேறு. 'ஆஸ்க் மீ ஒய்' முடிந்ததும் என்ன கேட்டோம் என்று ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? ஒரே நாளில் செய்தார்கள் என்பது வேலை செய்த விதத்துக்குப் பாராட்டு, பாட்டுக்குப் பாராட்டு இல்லை. புதிதாக வருகிறவரை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தால் 'இதற்கா இவ்வளவு கூச்சல்' என்று போய்விடுவார். 1965-ன் 'ரப்பர் சோல்' அல்லது 1966-ன் 'ரிவால்வர்' போடுங்கள், பிறகு ஆர்வம் இருந்தால் பின்னால் வாருங்கள். சரித்திரப் பரீட்சையா எழுதப் போகிறார்?

கூரைவீடு:

@வெட்டிப்பேச்சு, 'ஆஸ்க் மீ ஒய்' விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'யையும் விட்டுவிடலாம். ஆனால் '6 பாட்டு மற்றவர்களுடையது' என்பதைக் குறையாகச் சொல்வதை ஏற்க முடியாது, 1963-ல் 8 பாட்டு சொந்தமாக இருந்ததுதான் அதிசயம். எல்விஸின் 1956 முதல் ஆல்பத்தில் அவர் எழுதியது ஒன்றுமே இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பம் 1964-ல் வருகிறது, அதில் அந்தக் குழுவின் ஜாகர்-ரிச்சர்ட்ஸ் ஜோடி பெயரில் இருப்பது ஒரே ஒரு பாட்டு. பாடுகிறவன் தானே எழுதவும் செய்வான் என்பதற்கு இவர்கள் முன்மாதிரியாக வைத்திருந்தது அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியையும் அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவையும்தான். இன்னொன்று, இந்த ஆல்பத்தில் சொந்தப் பாட்டுகளுக்குக் கீழே 'மெக்கார்ட்னி-லெனன்' என்று அச்சாகியிருக்கும், நமக்குப் பழகிய வரிசை பிறகு வந்தது.

கவர் பாட்டுகளின் தேர்வையும் பாருங்கள். ஷிரெல்ஸ் பாடியது இரண்டு, குக்கீஸ் பாடியது ஒன்று, மூன்றும் கறுப்பினப் பெண்கள் குழுக்களின் பாட்டுகள். அமெரிக்காவிலிருந்து வந்த தட்டுகளை லிவர்பூல் கடையில் தேடித்தேடிப் பின்பக்கங்களைக்கூட விடாமல் கற்றுக்கொண்ட பையன்கள். 'பாய்ஸ்' என்பது பெண்கள் பையன்களைப் பற்றிப் பாடுகிற பாட்டு, ரிங்கோ அதை டிரம் அடித்துக்கொண்டே ஒரு கூச்சமும் இல்லாமல் பாடித் தள்ளுகிறார். பீட்டில்ஸுக்கு வருவதற்கு முன்னாலேயே ரோரி ஸ்டார்ம் குழுவில் இது அவருடைய பாட்டு. 'அன்னா' ஆர்தர் அலெக்சாண்டருடையது, அசலில் பியானோவில் வரும் அந்தச் சின்னத் துணுக்கை ஜார்ஜ் ஹாரிசன் கிட்டாரில் வாசிப்பார். அந்தப் பாட்டில் ஜானின் குரலைக் கவனியுங்கள், மூக்கடைத்துப்போய், நடுப்பகுதியில் மேலே ஏறும்போது கிழிகிற மாதிரி இருக்கும். அந்தக் குளிர்காலம் இங்கிலாந்தையே உறைய வைத்த குளிர்காலம், ஜானுக்குச் சரியான ஜலதோஷம். அன்று முழுக்கத் தொண்டை மிட்டாயும் பாலும் சிகரெட்டுமாக ஓட்டியிருக்கிறார். (சிகரெட் எதற்கு என்று கேட்காதீர்கள்.)

அதோடு கடைசியில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. இது ஐஸ்லி பிரதர்ஸ் 1962-ல் ஹிட்டாக்கிய பாட்டு, அதற்கும் முன்னால் டாப் நோட்ஸ் என்ற குழு பாடியது. தொண்டை போய்விடும் என்று தெரிந்தே கடைசிக்கு வைத்தார்கள். இரவு 10 மணி தாண்டிவிட்டது, ஜான் கொஞ்சம் பாலைத் தொண்டையில் கொப்பளித்துவிட்டுப் பாடினார். நாம் கேட்பது அந்த முதல் டேக். இரண்டாவது டேக்கும் முயன்றார்கள், குரல் வரவில்லை. இதை ஹோட்டல் லாபி என்று சொல்லிவிடுங்கள் பார்க்கலாம். அவர் பின்னால் வரும் நாட்களில் அந்தப் பாட்டு தன்னைக் கொன்றேவிட்டது என்கிற மாதிரிதான் பேசினார், குரல் தனக்குத் திருப்தியில்லை என்றுகூடச் சொன்னார். எனக்கோ ராக் அண்ட் ரோல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் போட்டுக்காட்ட வேறு பாட்டு தேவைப்பட்டதில்லை. 'ரிவால்வர்' மகா ஆல்பம், சந்தேகமில்லை, ஆனால் அதில் ஸ்டுடியோவும் ஒரு வாத்தியம். நாலு பேர் ஒரு அறையில் நின்று இவ்வளவு சத்தம் போட முடியும் என்று தெரிய வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

வெட்டிப்பேச்சு:

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னேனா? 'தேர்ஸ் எ பிளேஸ்' கூட நல்ல பாட்டு, யாரும் கண்டுகொள்வதில்லை. மற்றபடி என் வாக்கு 'ரிவால்வர்'க்குத்தான்.

சாயங்கால_ரேடியோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மோனோ சுவிட்சைப் போட்டுக் கேட்டேன், வேறு ஆல்பம் மாதிரி இருக்கிறது. முக்கியமாக முதல் பாட்டில் கைதட்டலும் பேஸும் சேர்ந்து தள்ளுகிறது, முன்னால் கைதட்டல் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. சிரிப்பையும் கண்டுபிடித்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. 'லவ் மீ டூ'வில் டிரம் வாசித்தது ரிங்கோ இல்லை என்று ஒரு இடத்தில் படித்தேன், இன்னொரு இடத்தில் ரிங்கோதான் என்கிறார்கள். எது சரி? மோனோவை அசலாகவே கேட்க வேண்டுமானால் எதை வாங்குவது?

பழைய_தட்டு:

இரண்டும் சரி, ஏனென்றால் அந்தப் பாட்டுக்கு மூன்று பதிவு உண்டு. 1962 ஜூன் 6-ல் பீட் பெஸ்ட் டிரம் வாசித்தது, செப்டம்பர் 4-ல் ரிங்கோ வாசித்தது, அதில் திருப்தியில்லாமல் செப்டம்பர் 11-ல் ஆண்டி வைட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை அழைத்து வாசிக்க வைத்தது. பாவம் ரிங்கோ, குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கையில் டாம்பரினை (சலங்கை கோத்த கைவாத்தியம்) கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். முதலில் வெளிவந்த சிங்கிளில் இருப்பது ரிங்கோ வாசித்தது, ஆல்பத்தில் இருப்பது ஆண்டி வைட் வாசித்தது. கண்டுபிடிப்பது சுலபம்: டாம்பரின் கேட்டால் டிரம்மில் ரிங்கோ இல்லை. ரிங்கோ வாசித்ததன் மூல டேப்பும் இப்போது இல்லை, பின்னால் வந்த தொகுப்புகளுக்குப் பழைய சிங்கிள் தட்டு ஒன்றிலிருந்துதான் எடுத்தார்கள். 'பி.எஸ். ஐ லவ் யூ'விலும் ஆண்டி வைட்தான், ரிங்கோ கையில் மராகாஸ் (கிலுகிலுப்பை மாதிரி குலுக்கும் வாத்தியம்). இந்த இரண்டு தவிர ஆல்பத்தில் மற்ற எல்லாப் பாட்டுக்கும் டிரம் ரிங்கோதான், அதனால் யாராவது 'அவருக்கு வாசிக்கத் தெரியாது' என்று ஆரம்பித்தால் 'பாய்ஸ்' போட்டுவிடுங்கள், பாடிக்கொண்டே ஒரே டேக்கில் வாசித்திருக்கிறார் மனுஷன்.

வாங்குவதற்கு: 2009-ல் வந்த மோனோ பெட்டித் தொகுப்பு இருக்கிறது, 2014-ல் மோனோ எல்பி (பெரிய இசைத்தட்டு) தனியாகவும் வந்தது, அது கிடைத்தால் யோசிக்காதீர்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 1987-ல் வந்த பழைய சிடியைத் தேடுங்கள். முதல் நாலு ஆல்பங்களை அப்போது மோனோவில் மட்டும்தான் போட்டார்கள், 2009-க்குப் பிறகு பலரும் அதைத் தள்ளிவிட்டதால் பழைய புத்தகக் கடைப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும். சத்தம் கொஞ்சம் மெலிவு, வால்யூமைத் தூக்கிக்கொண்டால் போதும். வாங்கும்போது சிடியின் மேலேயே 1987 என்று இருக்கிறதா பாருங்கள், அட்டை எல்லாவற்றிலும் ஒன்றுதான், நாலு பேரும் ஈஎம்ஐ அலுவலக மாடிப்படிக் கைப்பிடி மேல் சாய்ந்து கீழே பார்ப்பார்கள், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

நாலு_கம்பி:

அண்ணா, நம்ம ஊரில் 1987 சிடி என்று கேட்டால் கடைக்காரர் உள்ளூரில் நகலெடுத்த சிடியை எடுத்து நீட்டுகிறார். @சாயங்கால_ரேடியோ, பின்பக்கம் அச்சு மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.